சாம்பல் மேட்டில் புதைந்த புட்டிகள்

இங்கிலாந்தின் நகரங்களை ஒட்டி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான குப்பைமேடுகள், பழம்புட்டி சேகரிப்போர் இன்று மண்வெட்டியும் கம்பியுமாகத் தேடிச் செல்லும் இடங்களாக உள்ளன. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பின் வீட்டுக் குப்பையை அகற்றும் பணி உள்ளாட்சி அமைப்புகளின் கைக்கு மேன்மேலும் வந்துசேர, செங்கலுக்கு மண் எடுத்த பள்ளங்களும் கைவிடப்பட்ட கல் குவாரிகளும் ஆற்றோரச் சதுப்பு நிலங்களும் அக்குப்பையால் தூர்க்கப்பட்டன. அக்குப்பையில் பெரும்பகுதி நிலக்கரி அடுப்புச் சாம்பலே ஆதலால், அதில் விழுந்த மைக்கூடு, மருந்துச் சீசா, இஞ்சிப் பானம் அடைத்த பீங்கான் புட்டி முதலியவற்றுள் பல இன்றும் முழுமையாகக் கிடைக்கின்றன.

இவற்றுள் தமிழர்க்கு நன்கு பழக்கமானதும் ஒன்றுண்டு. ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற சோடா புட்டியே நம்மூர்க் கோலி சோடா புட்டியின் மூலவடிவமாகும். புட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சோடாவை நிரப்பும்போது, கழுத்துக்குள் இருக்கும் கண்ணாடிக் கோலி வாய்ப்பக்கம் இறங்கி, அங்குள்ள ரப்பர் வளையத்தில் படிய, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் அதை அங்கேயே இறுக்கிவிடுகிறது. குடிக்கும்போது கோலி மீண்டும் வாயை அடைக்காமல், கழுத்தின் உட்புறப் பிதுக்கம் அதைத் தடுத்து நிறுத்துகிறது. கோலிக்காகவே சிறுவர்கள் இப்புட்டிகளை உடைத்தனர் என்பதால், பல இடங்களில் முழுப் புட்டியைவிட உடைந்த கழுத்துகளே மிகுதியாகக் கிடைக்கின்றன.

புட்டியின் காலத்தை அதன் உடலே காட்டுகிறது. இரு பாதி அச்சுக்குள் ஊதி உருவாக்கிய புட்டியின் பக்கவாட்டில், அச்சு இணையும் இடத்தில் மெல்லிய கோடு விழும். வாயைத் தனியே கையால் முடித்த பழைய புட்டிகளில் அக்கோடு பெரும்பாலும் வாய்விளிம்புக்குக் கீழேயே மறைய, அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் உருவாக்கியது போன்ற தானியங்கி இயந்திரங்களில் வார்த்தவற்றில் விளிம்புவரை ஏறிச் செல்லும். நஞ்சு அடைத்த புட்டிகளோ, பெரும்பாலும் அடர்நீலத்திலோ பச்சையிலோ, இருட்டிலும் விரல் தடவி அறியும்படி வரிவரியான புடைப்புகளுடன் செய்யப்பட்டன. எழுத்தறியாதவரையும் எண்ணிப் பார்த்த அந்த அக்கறை போற்றத்தக்கது.

சாம்பல் மண் பிடிப்பற்றது. பக்கவாட்டில் குடைந்தால் மேல்மண் சரிந்து ஆளை மூடிவிடக்கூடும் என்பதால் அவ்வாறு தோண்டுவதை அறவே தவிர்க்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியின்றி இறங்குவதும், தோண்டிய குழியை மூடாமல் விடுவதும் தவறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, எளிய குடும்பங்கள் உண்டதையும் குடித்ததையும் நோய்க்கு வாங்கியதையும் ஏட்டில் எழுதி வைத்தவர் குறைவு என்பதால், அவ்வரலாற்றுக்கு இம்மேடுகளின் அடுக்குகளே முதன்மைச் சான்றாகின்றன. அழகிய புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதைக் குறிக்காமல் விட்டால் அச்சான்று அழிந்துவிடுகிறது. ஆகவே தோண்டுவோர் ஒவ்வொரு புட்டியுடனும் அவ்விவரத்தை எழுதி வைத்தல் வேண்டும்.