வயிற்றில் பையுடன் பஸ் பயணம்

பெருங்குடலில் அல்லது மலக்குடலில் புற்றுநோய் கண்டு சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினர், வயிற்றில் ஒரு சிறு வாசலுடனும் அதன்மேல் ஒட்டிய ஒரு பையுடனும் வீடு திரும்புகின்றனர். மலம் அந்த வாசலால் பைக்குள் வந்து சேரும். வைத்தியர்கள் இந்த வாசலை ‘ஸ்டோமா’ என்பர். சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டுமே. குடல் ஆறிய பின் மீண்டும் இணைத்து விடுவார்கள். வேறு சிலருக்கு வாழ்நாள் முழுவதற்குமானது.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தும், ஆள் வீட்டுப் படலையைத் தாண்டுவதில்லை என்ற நிலையை நாம் எமது கிராமங்களில் காண்கிறோம். கலியாண வீட்டுக்கும் இல்லை, செத்த வீட்டுக்கும் இல்லை. கிளினிக்குக்கும் போகாமல் விட்டுவிடுகிறார்களே, அதுதான் எமது பெரும் கவலை. சத்திரசிகிச்சைக்குப் பின் சில ஆண்டுகள் தொடர்ந்து வரச்சொல்வது, நோய் திரும்பினால் அதை ஆரம்பத்திலேயே பிடிப்பதற்காகும். “பஸ்ஸுக்குள்ளை பை கழண்டால் என்ன செய்யிறது ஐயா?” என்று கேட்டு மூன்று கிளினிக்குகளைத் தவறவிட்ட விவசாயி ஒருவரை நாம் அறிவோம். கேள்வி நியாயமானது. ஆகவே அதற்கு விடை சொல்லவே இதை எழுதுகின்றோம்.

இந்த அச்சம் எம்மவருக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க் நாட்டில் எலிஸ் சோரன்சன் என்ற தாதியின் தங்கை தோரா, இவ்வாறான சத்திரசிகிச்சைக்குப் பின் ஒழுகிவிடும் என்ற பயத்தால் வெளியே செல்லவே மறுத்தார். தங்கைக்காக யோசித்த எலிஸ், தோலில் தானாகவே ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை 1954 ஆம் ஆண்டில் எண்ணிக் கண்டுபிடித்தார். இன்று கிளினிக்கில் தரப்படும் பை அந்த வழியில் வந்ததே. அதாவது, வீட்டில் முடங்கிய ஒருவரை வெளியே கொண்டுவரவே இந்தப் பை பிறந்தது.

முதலில் உங்களுடைய வாசல் எத்தகையது என்று தாதியிடம் கேட்டறியுங்கள். பெருங்குடலிலிருந்து திறந்தது ‘கொலொஸ்டமி’. இது பெரும்பாலும் இடது பக்கம் இருக்கும். மலம் ஓரளவு இறுகி வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து திறந்தது ‘இலியோஸ்டமி’. இது பெரும்பாலும் வலது பக்கம்; மலம் தண்ணீராகவே வரும், அதனோடு உடம்பின் உப்பும் போகும். பயணத்தில் கூடிய கவனம் வேண்டியவர் இரண்டாமவரே.

புறப்படும் நாள் காலையில் அவசரமாகப் பை மாற்ற வேண்டாம். முதல் நாளே மாற்றினால் பிளாஸ்ரர் நன்றாகப் பிடித்ததா என்று பார்க்க நேரமிருக்கும். சுற்றியுள்ள தோலைத் தண்ணீரால் கழுவி, ஈரமின்றித் துடைத்து, பிறகு ஒட்டுங்கள். தோல் எரிகிறது என்று நல்லெண்ணெயோ வேப்பெண்ணெயோ பூசுவோர் உண்டு. எண்ணெய் பட்ட தோலில் பை ஒட்டாது. அரை வழியில் கழலும் பைகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பட்டினியாகப் போனால் பை நிரம்பாது என்று நினைக்கிறார்கள். வெறும் குடலில் வாயு கூடும், பை ஊதிவிடும். ஏறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பருப்பு, கோவா, வெங்காயம், சோடா ஆகியவற்றை அன்று தவிர்ப்பது நல்லது. இலியோஸ்டமி உள்ளவர்கள் நார் கூடிய பனங்கிழங்கு, தேங்காய்ச் சொட்டு, கச்சான் போன்றவற்றை நன்றாக மென்று உண்ண வேண்டும். மெல்லாமல் விழுங்கினால் வாசலில் அடைத்துக்கொள்ளும்.

மாற்றுப் பைகளைத் தேவையிலும் இரு மடங்காக எடுங்கள். வாசலின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக, இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, வீட்டிலேயே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆடும் பஸ்ஸில் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. மென்மையான பழந்துணி, ஒரு போத்தல் தண்ணீர், பழைய பத்திரிகைத் தாள், சொப்பிங் பைகள், ஒரு மாற்றுடுப்பு ஆகியவற்றை ஒரே கைப்பையில் வைத்து மடியிலேயே வைத்திருங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் பசை இளகிவிடும். பாரமான மூட்டைகளைத் தூக்க வேண்டாம். வாசலைச் சுற்றிக் குடல் பிதுங்கும் ஆபத்து உண்டு. தூக்குவதற்குக் கூட வருபவர் இருக்கிறார்.

பஸ்ஸில் நடைபாதைப் பக்க ஆசனம் வசதியானது. இடுப்புப் பட்டி வாசலை அழுத்தாதபடி கட்டுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே வெறுமையாக்குங்கள். இரவு பஸ் சாப்பாட்டுக் கடையில் நிற்கும்போது, தேவை இல்லாவிட்டாலும் மலசலகூடத்துக்குப் போய் வாருங்கள். கழற்றிய பையை மலசலகூடத்தினுள் போடாமல், தாளில் சுற்றிச் சொப்பிங் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

இலியோஸ்டமி உள்ளவர்கள் வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உப்பு மேலும் இறங்கும். ஜீவனி கரைத்துக் கொண்டு செல்லுங்கள். அது இல்லையேல் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்புக் கஞ்சியும் நல்லதே.

வாசல் சிவந்து ஈரமாக இருப்பதும், துடைக்கும்போது துளி இரத்தம் கசிவதும் வழமை. அது கறுத்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, பல மணி நேரம் ஒன்றும் வராமல் வயிறு முறுக்கி வாந்தி எடுத்தாலோ, தலை சுற்றிச் சிறுநீர் குறைந்தாலோ பயணத்தை விட்டு அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தெல்லிப்பழையில் 2013 இல் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டதால், வடக்கில் உள்ளோர் எல்லாவற்றுக்கும் மகரகமவுக்கு ஓட வேண்டியதில்லை. ஆயினும் முல்லைத்தீவிலிருந்து அதுவும் பல மணி நேரப் பயணமே. தெற்கே போக வேண்டியவர்கள், “இவர் வயிற்றில் மலப்பை அணிந்துள்ளார், இடையில் இறங்க நேரலாம்” என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு கடிதத்தைக் கிளினிக்கில் கேட்டுப் பெறுங்கள். நடத்துநரிடம் அதை நீட்டினால் போதும். பஸ் முழுவதும் கேட்க விளக்க வேண்டியதில்லை.

இடம்பெயர்ந்து உறவினர் வீட்டிலோ முகாமிலோ இருப்பவர்கள், பையின் அளவையும் வகையையும் ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியின் பிரதியுடன் இன்னொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கொப்பி தொலைந்தாலும், புதிய இடத்துக் கிளினிக்கில் அந்தத் தாளைக் காட்டிச் சரியான பையைப் பெறலாம்.