தரைப்படைக்குத் துணை நிற்கும் தாக்குதல் ஹெலிகாப்டர்
கார்கில் கற்றுத் தந்த பாடம். பெங்களூரில் பிறந்த 'பிரசந்த்'

பெங்களூர் விமானபுரா பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. பலர் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் 2010-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி எச்.ஏ.எல். நிறுவனம் முதன்முதலாகப் பறக்கவிட்ட ஒரு ஹெலிகாப்டருக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

நால்வர் பலி

1999 மே 28. கார்கில் போர் நடந்துகொண்டிருந்தது. தோலோலிங் மலை உச்சியில் பாகிஸ்தான் படையினர் பதுங்கி இருந்தனர். மறைவே இல்லாத சரிவில் நமது ஜவான்கள் ஏற வேண்டும். தாக்குதலுக்கென்றே செய்யப்பட்ட ரஷிய ஹெலிகாப்டர்கள் நம்மிடம் இருந்தன. ஆனால் அந்த உயரத்தில் அவை பயன்படவில்லை. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. சுழலும் விசிறிக்குப் பிடிப்பு இல்லை. என்ஜின் சக்தியும் குறைகிறது.

எனவே ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் எம்.ஐ.-17 ரக ஹெலிகாப்டர்களில் ராக்கெட்டுகளைப் பொருத்தி அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றை, தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை வீழ்த்தியது. என்ஜின் சூட்டை நாடி வரும் ஏவுகணை அது. அதை ஏமாற்றத் தீப்பந்துகளை உதிர்க்கும் சாதனம் அந்த ஹெலிகாப்டரில் இல்லை. ஸ்குவாட்ரன் லீடர் புண்டீர், பிளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜன்ட்கள் பிரசாத், சாகு ஆகிய நால்வரும் உயிர் இழந்தனர். அதன்பின் அந்தப் போரில் ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது.

ஜெட் போதாதா?

எதிரியும் நம் வீரர்களும் சில நூறு அடி இடைவெளியில் மோதும்போது, வேகமாகப் பாயும் ஜெட் விமானிக்கு யார் எவர் என்று தெரிவது கடினம். குறி கொஞ்சம் தவறினால் குண்டு நம்மவர் தலையில் விழும். ஹெலிகாப்டரோ குன்றின் மறைவில் அந்தரத்தில் நிற்கும். பார்த்துச் சுட்டுவிட்டு மீண்டும் மறையும். ஓடுபாதை வேண்டாம், போர்முனைக்கு அருகிலேயே இறங்கலாம். கீழே உள்ள அதிகாரியுடன் ரேடியோவில் பேசி இலக்கை அறியலாம்.

ஆனால் வேகம் குறைவு என்பதே அதன் ஆபத்தும் ஆகும். 2003-ல் ஈராக்கில் கர்பலா அருகே, தரைப்படையின் துணையின்றி முன்னேறிச் சென்ற அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டர்களில் ஒன்று வீழ்ந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை குண்டடி பட்டுத் திரும்பின.

'பிரசந்த்'

கார்கில் பாடத்தின் விளைவுதான் எச்.ஏ.எல். உருவாக்கிய 'பிரசந்த்'. எடை 5.8 டன், என்ஜின்கள் இரண்டு. விமானிகள் முன்னும் பின்னுமாக அமர்வதால் உடல் ஒடுக்கம். எதிரி குறி வைப்பது கடினம். 20 மில்லிமீட்டர் பீரங்கி, விமானி தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் திரும்பும். 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளும் உண்டு. தீப்பந்து சாதனமும் உண்டு. 16,400 அடி உயரத்திலும் இறங்கி ஏறும்.

2022 அக்டோபர் 3-ந் தேதி ஜோத்பூரில் இது விமானப்படையில் சேர்ந்தது. 2025 மார்ச்சில் மேலும் 156 ஹெலிகாப்டர்களுக்கு ரூ.62,700 கோடியில் ஒப்பந்தம் ஆயிற்று. 90 தரைப்படைக்கு, 66 விமானப்படைக்கு. பெங்களூரிலும் தும்கூரிலும் இவை தயாராகின்றன.

அன்று இல்லாமல் போனது ஒரு சாதனம். போனவை நான்கு உயிர்கள். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி முடுக்கும் ஒவ்வொரு திருகாணியும், எங்கோ ஒரு மலைச்சரிவில் ஒரு ஜவானின் உயிரைக் காக்கும்.