உறிஞ்சினால் மிச்சம்!

நம்ம பள்ளிபாளையம் சேஷசாயி ஆலையில் கரும்புச் சக்கையிலும் காகிதம் தயாராகிறது. சக்கைக் கூழ் லேசில் தண்ணீரை விடாது. வயரில் விழும் கூழில் 99 சதவீதம் தண்ணீர்தான். உறிஞ்சு பெட்டி, கவுச் ரோல், பிரஸ் எல்லாம் தாண்டியும் தாளில் பாதிக்கு மேல் ஈரம் நிற்கும். மீதியை நீராவிதான் உலர்த்தணும். பிரஸ்ஸிலேயே 1 சதவீத ஈரம் குறைந்தால், நீராவி சுமார் 4 சதவீதம் மிச்சம்!

அதுக்காக வேக்குவத்தை ஒரேயடியாக ஏற்றினால் வயர் பெட்டியில் உரசித் தேயும், மோட்டார் திணறும். பெட்டிக்குப் பெட்டி படிப்படியாகக் கூட்டணும். நீர்வளைய பம்பில் சீல் தண்ணீர் சூடானால், அது ஆவியாகி உள்ளே இடத்தை அடைக்கும், இழுவை குறையும். ஆகவே நான் சொல்வது: நம்ம ஊர் சித்திரை வெயிலில் புதுப் பம்ப் கேட்பதற்கு முன், அந்தத் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்!