கொசு மீது விழுந்த பழி

மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று மெல்லிய உறைகளை மட்டும் வைரஸ் தாக்கினால், காய்ச்சலும், முகவாயை மார்பில் தொடவிடாத கழுத்து விறைப்பும் கொண்ட மூளையுறை அழற்சி தோன்றுகிறது. மூளைத் திசுவையும் தாக்கினால், நினைவு தடுமாறி வலிப்பு வரும் மூளை அழற்சியாகிறது. ஜப்பானிய மூளை அழற்சி வைரஸ் இரண்டையும் விளைவிக்கக் கூடியது.

கொக்கு, நாரைகளிடம் தங்கும் இந்த வைரஸ், பன்றியின் குருதியில் பெருகி, கியூலெக்ஸ் கொசு வழியே மனிதரை அடைகிறது. இந்தக் கொசுக்கள் பெருக நெல்வயல்தான் வேண்டும் என்பதில்லை; கியூலெக்ஸ் ஜெலிடஸ் இனத்துக்குப் பன்றிப் பண்ணையின் கழிவுநீர்க் குட்டையே போதும்.

அதனால்தான் 1998இல் மலேசியாவின் ஈப்போ வட்டாரப் பன்றி வளர்ப்போர் மூளை அழற்சியால் மடிந்தபோது பழி கொசுமேல் விழுந்தது. புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நோயோ நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளை அழற்சி பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது; இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள், அவர்களுள் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் உண்டு. எளிதில் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இந்த முரண்பாடு பல மாதங்கள் போதிய கவனம் பெறவில்லை.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சுவா காவ் பிங், இறந்த நோயாளி ஒருவரின் தண்டுவடநீரை வளர்ப்பு உயிரணுக்களில் இட்டபோது, அவை ஒன்றோடொன்று இணைந்து பெருங்கூட்டுகளாயின. இப்படி வெளிப்பட்ட புதிய வைரஸுக்கு சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் சூட்டப்பட்டது. அதன் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால்.