டெங்கு: காய்ச்சல் தணிந்த பின்னும் ரத்தப் பரிசோதனை ஏன்?

பருவமழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் டெல்லி உள்ளிட்ட வட மாநில நகரங்களில் டெங்கு பாதிப்பு அதிகரிப்பது வழக்கம். நோயாளியின் உறவினர்கள் அப்போது முதலில் கேட்பது தட்டணுக்களின் எண்ணிக்கையைத்தான். அதே அறிக்கையில், அதைவிடக் கவனிக்க வேண்டிய வேறோர் அளவும் உள்ளது.

டெங்கு வைரஸ் எலும்பு மஜ்ஜையின் செயல்பாட்டைத் தற்காலிகமாக மந்தப்படுத்துகிறது. இதன் முதல் அடையாளமாக, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் குறைந்தது 4,000 இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் சரியத் தொடங்கும். 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் அதன் பின்னரே 1 லட்சத்துக்கும் கீழே செல்கின்றன. உற்பத்தி குறைவதுடன், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அவற்றை அழிப்பதும் இதற்குக் காரணம்.

மூன்றாவது மாற்றமே உயிருக்கு ஆபத்தானது. ரத்த நாளங்களின் உட்சுவர் தளர்ந்து, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா வெளியே கசிகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கிவிடுவதால் ரத்தம் கெட்டியாகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பதைக் காட்டுவது ஹீமடோகிரிட். இது நோயாளியின் இயல்பான அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தால், கசிவு தீவிரமாக உள்ளது என்று பொருள். பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கும் இக்கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நோய் குணமாகிவிட்டதாக வீட்டினர் நிம்மதியடையும் நேரமும் அதுவே.

இதில் இந்தியச் சூழலில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. வழக்கமாக 30 ஆக இருக்கும் ஒரு பெண்ணின் ஹீமடோகிரிட் 36 ஆக உயர்ந்தால், ஆய்வக அறிக்கை அதை இயல்பு என்றே காட்டக்கூடும்; உண்மையில் அது ஆபத்தின் எல்லை. காய்ச்சலின் தொடக்கத்திலேயே ஒரு பரிசோதனை செய்திருந்தால்தான் இந்த உயர்வு புலப்படும்.

கசியும் பிளாஸ்மாவைத் தட்டணுக்கள் ஏற்றி ஈடுசெய்ய இயலாது. அளவறிந்து செலுத்தப்படும் உப்புக் கரைசலே அதற்கான சிகிச்சை. ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு, எண்ணிக்கை 10,000-க்கும் கீழே குறைந்தால் மட்டுமே தட்டணுக்கள் ஏற்றுவது குறித்துப் பரிசீலிக்கலாம் என்கின்றன தேசிய வழிகாட்டு நெறிமுறைகள். கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறுகளில் ரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால், தட்டணுக்கள் எத்தனை இருந்தாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குணமடையும்போது வெள்ளை அணுக்கள் முதலில் உயரும். தட்டணுக்கள் சற்றுத் தாமதமாகவே மீளும்.