காகிதத்தில் பிழைத்த சதுக்கம்

வீடு இருந்தால் அல்லவா வீட்டின் படத்துக்கு மதிப்பு? வீடே போன பிறகு அதன் நீள அகலம் குறித்த காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுப்பு மூட்டலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் போலந்து தேசத்தின் தலைநகரான வார்ஸாவில் ஒரு காலத்தில் வீடுகள் எல்லாம் போய்க் காகிதங்கள் மட்டும் மிஞ்சின. அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டே போன வீடுகளைத் திரும்ப வரவழைத்துவிட்டார்கள் அந்த ஊர்க்காரர்கள். ஒரு வீடு, இரண்டு வீடு அல்ல; ஒரு சதுக்கம் முழுவதையுமே!

வார்ஸாவின் பழைய நகரச் சந்தைச் சதுக்கத்தைத்தான் சொல்கிறேன். சுமார் 300 அடி நீளம், 240 அடி அகலம். கருங்கல் பாவிய தரை. நாலு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்கும் மாடி வீடுகள். ஒன்று மஞ்சள், அடுத்தது இளஞ்சிவப்பு, அதற்கடுத்தது பச்சை என்று, விசேஷ நாளில் பட்டுப் புடவை உடுத்தி வரிசையாக நிற்கும் பெண்களைப் போல இருக்கின்றன.

முகப்பு குறுகலாகவும், உள்ளே போகப் போக நீளமாகவும் இருக்கும் வீடுகள் இவை. இப்படிப்பட்ட வீட்டின் நடுவில் இருட்டாக இருக்குமே, மாடிப்படி ஏறுவது எப்படி? அதற்கும் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் வழி கண்டுபிடித்தார்கள். கூரையின் மேல், மாடிப்படிக்கு நேராக, கண்ணாடி ஜன்னல் வைத்த சிறு கூண்டு ஒன்றைக் கட்டினார்கள். மேலேயிருந்து வெளிச்சம் படிகளில் இறங்கி வரும். இன்றைக்கும் அண்ணாந்து பார்த்தால் சில கூரைகளின் மேல் அந்தக் கூண்டுகள் தெரிகின்றன.

சந்தையும் கடற்கன்னியும்

இந்தச் சதுக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், ஊர் பிறந்தபோதே கூடப் பிறந்தது. ஊருக்கு நடுவில் சந்தை. சந்தைக்கு நடுவில் நகரசபை மண்டபம். வியாபாரம், திருவிழா எல்லாம் அங்கேதான். குற்றவாளிகளுக்குத் தண்டனை நிறைவேற்றியதும் அங்கேதான். 1607-ம் ஆண்டில் ஒரு பெருந்தீ வந்து பல வீடுகளை அழித்தது. முன்பைவிட அழகாகவே கட்டிக்கொண்டார்கள். அதே காலத்தில் மூன்றாம் ஸிகிஸ்மண்ட் என்ற அரசர் தமது சபையைக் கிராக்கோ நகரிலிருந்து வார்ஸாவுக்கு மாற்றினார். அரசர் வந்தால் செல்வமும் வரும் அல்லவா? வர்த்தகர்கள் தங்கள் வீட்டு வாசல்களில் கல் வேலைப்பாடு செய்தார்கள். சுவர்களில் சிலைகளைப் பதித்தார்கள்.

காலம் மாறியது. 1817-ல் நகரசபை மண்டபத்தை இடித்தார்கள். பணக்காரர்கள் விசாலமான புதுத் தெருக்களுக்குக் குடிபோனார்கள். சதுக்கத்து வீடுகளில் ஏழைக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன.

1855-ல் சதுக்கத்தின் நடுவே ஒரு கடற்கன்னியின் சிலையை வைத்தார்கள். கான்ஸ்டான்டி ஹெகல் என்ற சிற்பி செய்தது. கடற்கன்னி என்றால் சீப்பும் கண்ணாடியும் வைத்திருப்பாள் என்று எண்ணிவிடாதீர்கள். இவள் ஒரு கையில் வாளும் மறு கையில் கேடயமும் ஏந்தியவள்! தன்னை விடுவித்த மீனவர்களுக்கு, 'ஆபத்து வந்தால் நான் உங்களைக் காப்பேன்' என்று வாக்குக் கொடுத்தாளாம். வார்ஸா நகரின் சின்னமே இவள்தான்.

பக்கத்துத் தெருவில் ஒரு நிலவறை. அதில், பார்த்தாலே ஆளைக் கொன்றுவிடும் கண்களுடைய ஒரு பூதம் பதுங்கியிருந்ததாம். கண்ணாடியை அதன் முகத்துக்கு நேரே காட்டவே, தன் பார்வையாலேயே அது மாண்டது என்று பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள். சதுக்கத்திலிருந்து சற்று நடந்தால் ஃப்ரேட்டா தெரு. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் 1867-ல் பிறந்த வீடு அங்கேதான்.

1928-ம் ஆண்டில் ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து சதுக்கத்தின் வீட்டு முகப்புகளுக்கு வர்ணச் சித்திரங்கள் தீட்டினார்கள். அவர்களில் ஸோஃபியா ஸ்ட்ரியென்ஸ்கா என்ற புகழ் பெற்ற பெண் ஓவியரும் இருந்தார். பழைய சதுக்கம் மறுபடியும் புது மணப்பெண் போல ஆயிற்று. ஆனால் அந்த அலங்காரம் நீடித்தது பதினாறே வருஷங்கள்!

அறுபத்து மூன்று நாட்கள்

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. ஐந்து வருஷ அடிமை வாழ்வுக்குப் பிறகு, 1944 ஆகஸ்ட் முதல் தேதி வார்ஸாவின் ஜனங்கள் ஆயுதம் ஏந்திக் கிளம்பினார்கள். அறுபத்து மூன்று நாட்கள் நடந்தது அந்தப் போர். ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொது ஜனங்கள் மடிந்தார்கள். பழைய நகரம் ஒரு மாதம் தாக்குப் பிடித்தது. இனி முடியாது என்ற நிலை வந்ததும் போராளிகள் ஆயிரக்கணக்கில் பூமிக்கடியில் உள்ள சாக்கடைக் குழாய்களுக்குள் இறங்கி, இருட்டில் ஊர்ந்து தப்பினார்கள்.

போர் முடிந்த பிறகுதான் மிகப் பெரிய கொடுமை நடந்தது. மிஞ்சிய ஜனங்களை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். பிறகு, ஆளில்லாத நகரத்தைத் தெருத் தெருவாக எரித்தார்கள். வெடி வைத்துத் தகர்த்தார்கள். வார்ஸா என்ற ஊரே பூமியில் இருக்கக்கூடாது என்பது உத்தரவு. 1945 ஜனவரியில் நகரம் விடுதலையானபோது, பழைய நகரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அழிந்து கிடந்தது. சதுக்கத்தில் ஓரிரண்டு வீடுகளின் முகப்புச் சுவர்கள்தான் ஓரளவு முழுசாக நின்றன.

மடத்தில் ஒளிந்த படங்கள்

இங்கேதான் நமது காகிதங்கள் வருகின்றன. யுத்தத்துக்கு முன் வார்ஸா பாலிடெக்னிக்கில் ஆஸ்கர் ஸோஸ்நோவ்ஸ்கி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். தமது மாணவர்களை நாட்டின் பழைய கட்டடங்களுக்கெல்லாம் அனுப்பி வைப்பார். அவர்கள் கையில் அளவுகோலுடன் போய், வாசல் எத்தனை அகலம், ஜன்னல் எத்தனை உயரம், கூரை எத்தனை சரிவு என்று அளந்து படம் வரைந்து வருவார்கள். 'எத்தனை நாள்தான் பழைய சுவரை அளந்துகொண்டிருப்பது!' என்று அந்தப் பிள்ளைகள் சலித்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

1939-ல் நகர முற்றுகையின்போது ஸோஸ்நோவ்ஸ்கி குண்டு வீச்சில் காயமுற்று உயிரிழந்தார். அவருடைய வேலையை யான் ஸாக்வாடோவிச் என்ற கட்டடக் கலை நிபுணர் தொடர்ந்தார். ஜெர்மானியர் உயர்தரக் கல்விக்குத் தடை போட்டிருந்த காலம். எல்லாம் ரகசியமாகவே நடந்தது. நகரம் அழிக்கப்பட்டபோது, இவரும் இவரது சகாக்களும் அந்தப் படங்களை நகரத்திலிருந்து கடத்தி, பியோட்ர்கோவ் என்ற ஊரில் உள்ள ஒரு கிறிஸ்தவ மடத்தில் ஒளித்து வைத்தார்கள். நகைநட்டை அல்ல, பண்டபாத்திரத்தை அல்ல. ஜன்னலின் அளவு எழுதிய காகிதத்தை, உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள்!

1945 பிப்ரவரியில் தலைநகரைப் புனரமைக்க ஓர் அலுவலகம் ஏற்பட்டது. உடனே வாதமும் எழுந்தது. 'அழிந்ததை அப்படியே திரும்பக் கட்டுவது போலி வேலை' என்பது கட்டடக் கலையில் ஊறிப்போன ஒரு கொள்கை. 'காலத்தால் இடிந்திருந்தால் அது சரி. ஆனால் ஒரு ஜாதியின் நினைவையே அழிக்க வேண்டுமென்று வேறொருவன் இடித்திருக்கும்போது, திரும்பக் கட்டுவது நம் கடமை' என்பது ஸாக்வாடோவிச்சின் கட்சி. அவர் கட்சியே ஜயித்தது.

நாடெங்கும் நன்கொடை திரட்டினார்கள். இடிபாடுகளைக் கிளறி, உடையாத செங்கல்லையும் செதுக்கிய கல்லையும் பொறுக்கி எடுத்தார்கள். போதாததற்கு, யுத்தத்தில் இடிந்த வேறு நகரங்களிலிருந்தும் செங்கல் வந்தது. மாணவர்கள் வரைந்த படங்கள் சதுக்கத்து வீடுகளுக்கு வழிகாட்டின. அருகிலுள்ள அரச வீதிகளுக்கு வேறொரு துணை கிடைத்தது. பெர்னார்டோ பெலோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் போலந்து அரசருக்காக அந்த வீதிகளை மிக நுணுக்கமாகத் தீட்டியிருந்தார். ஓவியர் அல்லவா? சில இடங்களில் உள்ளதைவிடக் கொஞ்சம் அழகாகவே வரைந்துவிட்டார். அவர் கற்பனையும் அசலோடு கலந்து கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்துவிட்டது!

1953 ஜூலை 22-ந் தேதி சதுக்கம் திறக்கப்பட்டது.

அசலா, நகலா?

எல்லாம் பழையபடியேதானா என்று கேட்டால், இல்லை. முகப்பு பழையது, உள்ளே புதியது. முன்பு பின்கட்டுகளை நெருக்கி அடைத்திருந்த கட்டடங்களைத் திரும்பக் கட்டவில்லை; அங்கே காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று முற்றமாக விட்டார்கள். குளியலறையோடு கூடிய குடியிருப்புகள் அமைந்தன. எங்கேயோ இருந்த ஒரு ஏழைத் தாய்க்கு, பிரபுவின் வாசல். ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர்! முகப்புச் சித்திரங்களில் பலவற்றையும் அந்தக் காலத்து ஓவியர்கள் புதிதாகத் தீட்டினார்கள்.

'அப்படியானால் இது நாடகத் திரைபோல ஒரு பொய்த் தோற்றந்தானே?' என்று சிலர் குறை சொன்னதுண்டு. ஆனால் அந்த 'நகல்' வீடுகளுக்கே இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. அவற்றில் பிறந்த குழந்தைகள் பாட்டியாகிவிட்டார்கள். மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டை நகல் என்று எப்படிச் சொல்வது?

ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனமும் அப்படித்தான் நினைத்ததோ என்னவோ! 1980-ல் வார்ஸாவின் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அது மட்டுமல்ல. 2011-ல், புனரமைப்பு அலுவலகத்தின் பழைய கோப்புகளையும் படங்களையும் உலகத்தின் நினைவுப் பொக்கிஷங்களில் சேர்த்தது. வீட்டுக்குக் காட்டிய மரியாதையைக் காகிதத்துக்கும் காட்டிவிட்டார்கள். அதுதானே நியாயம்!