பழைய கப்சாய்க்குப் புது உயிர்: எந்தப் பாகம் எதனுடன் சேரும்?

உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில், தாத்தா தோட்டத்து வேலைக்கு ஓட்டிய பழைய ஹோண்டா கப் ஒன்று கிடக்கிறதா? பழைய இரும்புக் கடைக்காரர் கேட்டும் கொடுக்க மனம் வரவில்லையா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

‘கப்’ என்பது ஹோண்டா தன் வண்டிக்கு வைத்த பெயர். ‘சாய்’ என்றால் கண்டோனீஸ் மொழியில் சிறியது, குட்டி என்று பொருள். இரண்டும் சேர்ந்து நம் நாட்டில் சிறிய மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றுக்குமே ‘கப்சாய்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1958இல் ஜப்பானில் அறிமுகமான சூப்பர் கப் வரிசையின் மொத்த உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தொட்டது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை.

அதனால்தான் இதன் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு வண்டியின் இயந்திரம், இன்னொன்றின் சக்கரம், மூன்றாவது ஒன்றின் விளக்கு என்று சேர்த்து ஒரு வண்டியை ஓடவைத்துவிடலாம். ஆனால் ஒரு பாகம் பொருந்துவது வேறு. மற்றப் பாகங்களோடு சேர்ந்து ஒழுங்காக வேலை செய்வது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் உங்கள் பணமும் மிஞ்சும், உயிருக்கும் ஆபத்தில்லை.

ஒரே வீச்சு, வேறு விட்டம்

சிலிண்டரின் உள்விட்டத்தையும், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரத்தையும் வைத்தே இயந்திரத்தின் கொள்ளளவு கணக்கிடப்படுகிறது. அந்தத் தூரத்துக்கு வீச்சு என்று பெயர். சி50 வண்டியின் விட்டம் 39 மி.மீ., வீச்சு 41.4 மி.மீ.; கொள்ளளவு 49 சி.சி. சி70 வண்டியில் வீச்சு அதே 41.4 மி.மீ.தான், விட்டம் மட்டும் 47 மி.மீ. அதனால் கொள்ளளவு 72 சி.சி. ஆகிறது. சி90இல் விட்டம் 50, வீச்சு 45.6 மி.மீ. அதாவது இரண்டுமே வேறு.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். மூன்றிலும் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும். கடையில் “எல்லாம் ஒன்றுதான், போடலாம்” என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் விட்டம் மாறினால் பிஸ்டன், ரிங், சிலிண்டர் தலை, கேஸ்கெட், கார்புரேட்டர் ஆகியவையும் அதற்கேற்ப மாறியாக வேண்டும். ஆகவே இயந்திரப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்காமல், ஒரே மாதிரி வண்டியிலிருந்து தொகுதியாக வாங்குங்கள்.

நூறில் நான்கு பங்கு மில்லிமீட்டர்

ஒரே மாதிரி வண்டியாக இருந்தால், ஒன்றின் பிஸ்டனை எடுத்து மற்றொன்றின் சிலிண்டருக்குள் போடலாமா? கூடாது. பல ஆண்டுகள் சேர்ந்து ஓடிய பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று தேய்த்துத் தமக்கென ஒரு வடிவத்தை அடைந்திருக்கும். வேறு வண்டியின் தேய்மானம் வேறு விதமாக இருக்கும்.

இதில் வெப்பத்தின் பங்கும் உண்டு. சி70இன் பிஸ்டன் அலுமினியக் கலவை. பழைய சிலிண்டரோ வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டும் 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், 47 மி.மீ. பிஸ்டன் சுமார் 0.09 மி.மீ. விரியும், சிலிண்டரோ சுமார் 0.05 மி.மீ. மட்டுமே விரியும். அந்த 0.04 மி.மீ. வேறுபாட்டுக்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும். இடம் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது அப்படி நேர்ந்தால் பின்சக்கரம் திடீரென நின்று வண்டி சறுக்கலாம். இடம் அதிகமானால் எண்ணெய் எரிந்து நீலப்புகை வரும்.

இதற்குத் தீர்வு, பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, அடுத்த அளவு புதிய பிஸ்டனைப் போடுவது. 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று கூடுதல் அளவுகளில் பிஸ்டன்கள் கிடைக்கும். எந்த அளவு என்பது பிஸ்டன் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் பிஸ்டனை வாங்கிவிட்டு, அதை அளந்து சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள்.

வெப்பத்தால் விரியும் இந்தக் குணம் நமக்கு உதவவும் செய்யும். அலுமினிய உறையிலிருந்து பேரிங்கைச் சுத்தியலால் அடித்து எடுக்க வேண்டியதில்லை. பெட்ரோலும் எண்ணெயும் துளியும் இல்லாமல் கழுவிய உறையை 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு மின் அடுப்பில் சூடேற்றினால், 37 மி.மீ. துளை சுமார் 0.06 மி.மீ. பெரிதாகும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான் அது. பேரிங் இளகிவர அதுவே போதும். தீச்சுடரை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

சங்கிலியும் பல்சக்கரமும்

கப்சாய்களில் 420, 428 ஆகிய சங்கிலி அளவுகள் அதிகம் காணப்படும். இரண்டிலும் கண்ணிக்குக் கண்ணி தூரம் 12.7 மி.மீ.தான். ஆனால் 420இன் உள் அகலம் 6.35 மி.மீ., 428இன் உள் அகலம் 7.94 மி.மீ. எனவே 428 சங்கிலி 420 பல்சக்கரத்தில் ஏறிவிடும். ஆனால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே பற்களைத் தின்னும்.

பழைய சங்கிலி வாங்குவதாக இருந்தால் ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். சங்கிலியை இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளந்தால் 254 மி.மீ. இருக்க வேண்டும். 259 மி.மீ.க்கு மேல் போனால் 2 விழுக்காடு நீண்டுவிட்டது என்று பொருள். உண்மையில் இரும்பு நீளவில்லை. உள்ளேயுள்ள ஊசிகள் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் சிறிதளவு இடைவெளி கூடியிருக்கிறது. அப்படிப்பட்ட சங்கிலி பற்களின் அடியில் உட்காராமல் மேலேறி நிற்கும். சில பற்களே முழுப் பாரத்தையும் தாங்கும். நாளடைவில் அவை கொக்கி போல வளையும். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச்சங்கிலி போட்டாலும் அது விரைவில் கெட்டுவிடும். அதனால்தான் முன், பின் பல்சக்கரங்களையும் சங்கிலியையும் ஒருசேர மாற்றச் சொல்கிறார்கள்.

6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

பழைய கப்களில் 6 வோல்ட் மின்னமைப்பு இருந்தது. பிறகு 12 வோல்ட் வந்தது. கலந்து வாங்கும்போது அதிகம் தவறுவது இங்கேதான். 6 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் போட்டால் கணக்குப்படி நான்கு மடங்கு சக்தி பாயும். இழை சூடேறும்போது மின்தடை உயர்வதால் இது சற்றுக் குறையும் என்றாலும், விளக்கு உடனே எரிந்துபோகும். 12 வோல்ட் விளக்கை 6 வோல்ட்டில் போட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெளிச்சமே கிடைக்கும். மாற்றுவதாக இருந்தால் மின்கலம், விளக்குகள், ஹாரன், சமிக்ஞை விளக்குப் பெட்டி, மின்னேற்றும் பகுதி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஆனால் 6 வோல்ட் வண்டியில் வெளிச்சம் மங்கலாக இருந்தால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். 15 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தேவை. துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.4 ஓம் தடை இருந்தாலே அங்கு ஏறக்குறைய 1 வோல்ட் தொலையும். 6இல் 1 என்றால் 17 விழுக்காடு. 12 வோல்ட்டில் அதே இணைப்பு 0.5 வோல்ட்டை, அதாவது 4 விழுக்காட்டை மட்டுமே விழுங்கும். சட்டத்தோடு சேரும் கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து பாருங்கள். காசு செலவில்லாமல் வெளிச்சம் கூடும்.

திருகாணியின் தலையைப் பாருங்கள்

ஜப்பானியத் திருகாணிகள் 1960களின் பிற்பகுதியில் உலகத் தர அளவுக்கு மாறின. அதற்கு முந்திய 5 மி.மீ. திருகாணியின் மரை இடைவெளி 0.9 மி.மீ.; பிந்தியது 0.8 மி.மீ. விட்டம் ஒன்றே என்பதால் இரண்டு சுற்றுவரை கையாலேயே ஏறும். பிறகு இறுகும். அதற்கு மேல் அழுத்தித் திருகினால் அலுமினிய மரை பிய்ந்துபோகும். புதிய தரத் திருகாணிகளின் தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும்.

கூட்டல்குறித் தலையிலும் ஜப்பானியத் தரம் வேறு. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுமையாக உட்காராது. வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். ஜப்பானியத் தரத் திருப்புளி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு.

பழையதாக வாங்கக் கூடாதவை

மட்கார்டு, கைப்பிடி, விளக்குக் கூடு, இருக்கைச் சட்டம், கார்புரேட்டர் உடல் போன்றவற்றைத் தாராளமாகப் பழையதாக வாங்கலாம். பிரேக் காலணி, பிரேக் கேபிள், டயர், டியூப் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். பிரேக் காலணியின் தேய்பகுதி பசையால் ஒட்டப்பட்டது. ஆண்டுகள் ஆக ஆகப் பசை வலுவிழந்து, அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது பெயர்ந்து வரலாம். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் 10 ஆண்டைத் தாண்டிய டயர் வேண்டாம். காற்றும் வெயிலும் ரப்பரை இறுக வைத்திருக்கும்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. பழைய பிரேக் காலணிகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். பிரேக் டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும், காற்றுக்குழாயால் அடிப்பதும் பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கும் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

கெரானை மறக்காதீர்கள்

வண்டியின் கெரானில் சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பதிவாகியிருக்கும். வேறு வண்டியின் முழு இயந்திரத்தையும் பொருத்தினால் எண் மாறிவிடும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. பழைய இயந்திரம் வாங்கும்போது எண் தேய்க்கப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். அது திருட்டு வண்டியின் பாகமாக இருக்கலாம். கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள்.

இனி வேலையைத் தொடங்கலாம். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் கைப்பேசியில் படமெடுங்கள். முதலில் பிரேக், அடுத்து சக்கரம், பிறகு மின்னமைப்பு, கடைசியாக இயந்திரம் என்ற வரிசையில் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி ஓடாமல் போனால், தவறு எதில் என்று அனுபவமுள்ள போமனாலும் சொல்ல முடியாது. முடிந்ததும், முதல் ஓட்டத்தை வீட்டு முற்றத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் இரண்டும் சரியாகப் பிடிக்கின்றன என்று உறுதியான பிறகு சாலைக்குக் கொண்டு போகலாம்.